திருப்பிப் பார்க்காத இலை

அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, நீ சயாமுக்குப் பேர் கொடுக்கப்போகிறாய் என்று உன் சித்தப்பா நேற்று வந்து சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கரையில் பாகான் டாலாமில் உன்னைப் பார்த்தாராம், மெலிந்துபோயிருக்கிறாயாம், வருகிற திங்கட்கிழமை ஆள் எடுக்க வருகிறவர்களிடம் நீயாகவே பேர் கொடுப்பதாகச் சொன்னாயாம். "இங்க இருந்து என்ன சித்தப்பா ஆகப்போகுது" என்றாயாம். தோல் சீவிக்கொண்டிருந்த மரவள்ளிக்கிழங்கு என் கையிலிருந்து நழுவிச் சாம்பலில் விழுந்தது. ஜப்பான்காரனுக்கு ரயில்பாதை போடச் சயாமுக்குப் போன நம் சந்து ஆள்கள் ஒருவரும் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. அங்கே காகிதம் இல்லையா, எழுதக் கை இல்லையா, அந்த அம்மனுக்குத்தான் தெரியும். பிடித்துக்கொண்டு போனால் விதி என்று அழலாம். தானாகப் போய்ப் பேர் கொடுக்கிறவனை நான் கேள்விப்பட்டதே இல்லை. நீ ஏன் போகிறாய் என்று சித்தப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. முதலில் நம் வீட்டு வாசல் நடையில், அஞ்சடியில் வைத்து மூலைக்கடைக்காரர் இதை உரக்கப் படிப்பார். பக்கத்து வீட்டு அஞ்சலை முதற்கொண்டு சந்தின் ஐந்து வீட்டுக்காரர்களும் கேட்பார்கள். பிறகு சித்தப்பா இதைப் புக்கிட் மெர்தாஜாமுக்கு எடுத்துப்போய், உனக்குப் பேசி வைத்திருந்த பெண் பாக்கியத்தின் அப்பாவிடம் காட்டுவார். அதற்குப் பிறகுதான் உன் கைக்கு வரும். ஊர் முழுக்கப் படித்த கடிதம் உனக்குக் கடைசியில் வருகிறதே என்று வருத்தப்படாதே. ஊர் முன்னால் சொன்ன பொய்யை ஊர் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் கடைக்காரர் திருத்திப் படிக்கட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

உன் அம்மா, என் அக்கா, கண்ணை மூடியபோது உனக்கு நாலு வயது. அன்றிலிருந்து நீ என்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டாலும் நான் உன்னை அக்கா பிள்ளை என்று நினைத்தது கிடையாது. பொய்க்கு மட்டும் உன்னை நான் விட்டதே இல்லை. உனக்கு ஒன்பது வயதில், கோயிலுக்கு வைத்திருந்த தேங்காயை உடைத்துத் தின்றுவிட்டு எலி தின்றது என்று சொன்னாய். எலி சுத்தியலால் உடைக்குமா என்று கேட்டேன். நீ யோசித்து, "பெரிய எலி சின்னம்மா" என்றாய். சிரிப்பு வந்தது, ஆனாலும் முருகன் படத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நிற்க வைத்தேன். "பொய் சொல்ற வாயில சாமி பேர் தங்காதுடா" என்றேன். நீயும் அழாமல் நின்றாய். அப்படி வளர்த்த நான், ஐம்பது வயது தாண்டி, நெற்றி நிறைய விபூதியோடு நின்று, உன் தலையில் ஒரு பொய்யைத் தூக்கி வைத்தேன். அதை எப்படி வைத்தேன் என்று முதலிலிருந்து சொல்கிறேன். கேட்கிறவர்களுக்கும் தெரியட்டும்.

மலையடியில் இருக்கிற சர்க்கார் செடித் தோட்டத்தில் உனக்குச் செடிகளின் பேரைத் தகரத்தில் எழுதுகிற வேலை. வெள்ளைக்காரன் போனான், ஜப்பான்காரன் வந்தான், செடிகள் அங்கேயே நின்றன, அவற்றுக்குப் பேர் எழுத நீயும் நின்றாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ வீட்டில் உட்கார்ந்து தகரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நான் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அஞ்சலை நெருப்பு வாங்க வந்தவள், வழக்கம்போல நெருப்பை மறந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னம்மா, தரையில வளர்ற செடி மொத்தம் எத்தனை வகை, சொல்லுங்க பாப்போம்" என்றாய்.

"இது என்னடா கேள்வி. பூசைக்கு ஆகறது, கொழம்புக்கு ஆகறது, மருந்துக்கு ஆகறது, ஆட்டுக்கு ஆகறது. நாலு."

"அது உங்களுக்கு என்ன ஆகும்னு பாக்கறது. அதுங்களுக்குள்ள யாரு யாருக்குச் சொந்தம்னு பாக்கணும்லா. அப்படிப் பாத்தாலும் பெரிய கும்பல் நாலுதான்."

சொந்தம் என்றதும் நாங்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டோம். நீ சொன்னது இன்றைக்கும் வரிசையாக எனக்கு நினைவிருக்கிறது. அதுதான் என் குற்றத்துக்குச் சாட்சி. முதல் கும்பல், குழாயடிச் சுவரில் பச்சை மெத்தையாகப் படிந்திருக்கிறதே, அது. அதன் உடம்புக்குள் தண்ணீர் ஏற்றுகிற குழாய் கிடையாது, அதனால் எழுந்து நிற்காது, ஈரம் உள்ள இடத்தில் ஒட்டிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடக்கும் என்றாய். "என் மாமியா அந்தக் கும்பல்தான்லா" என்றாள் அஞ்சலை. "ஈரம் காயற வரைக்கும் எடத்த விட்டு நவுர மாட்டா." இரண்டாவது கும்பல் பெரணி, மலாய்க்காரர்கள் பாக்கிஸ் என்று கீரைக்குப் பறிப்பது. குழாய் உண்டு, நிமிர்ந்து நிற்கும், ஆனால் பூவும் இல்லை, விதையும் இல்லை என்றாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வெத இல்லாம வம்சம் எப்படிடா வெளங்கும்?"

"முத்தின எலைய திருப்பிப் பாருங்க. அடியில பழுப்புப் பழுப்பா புள்ளி இருக்கும். தேச்சா தூள் வரும். அந்தத் தூள் விழுந்துதான் முளைக்கும்."

ஐம்பத்து மூன்று வயது வரை பெரணியை மிதித்து நடந்தவள் நான். அதன் அடியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. மூன்றாவது கும்பலுக்கு விதை உண்டு, ஆனால் பழத்துக்குள் மறைத்து வைக்காது, வெளியே திறந்து கிடக்கும் என்றாய். "துணி போடாத பிள்ளை மாதிரியா?" என்று கேட்டேன். "அப்படியேதான்" என்றாய். ஊசி இலை மரங்கள் அதில் சேர்த்தி, இன்னும் சில, பார்த்தால் பனை மாதிரியே நிற்கும், ஆனால் பனைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாய். நாலாவது, பூத்துப் பழத்துக்குள் விதை வைப்பவை. மா, நெல், புல், தென்னை, கத்திரி, மரவள்ளி எல்லாம் ஒரே வீடு. அந்த வீட்டுக்குள் முளைக்கும்போது ஒற்றை இலை விடுகிற பங்காளி ஒரு பக்கம், இரட்டை இலை விடுகிற பங்காளி ஒரு பக்கம். புல்லும் தென்னையும் ஒரு பக்கம் என்றதும் அஞ்சலை எழுந்துவிட்டாள். "ஒங்க மகனுக்கு வெயில்ல மூளை காஞ்சிபோச்சிக்கா. தென்ன மரத்துக்குப் புல்லு பங்காளியாம்." நெருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு நடந்ததை இந்தச் சந்தில் யாரும் கேட்கவில்லை. நானும் நீயும் மட்டும்தான். நான் கேட்டேன்: "சரிடா, இதுல எந்தக் கும்பல திங்கலாம்?" அரிசியைக் கண்ணால் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது, எனக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும். நீ தகரத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்.

"அது வேற கேள்வி சின்னம்மா. சொந்தத்த வச்சு வயித்துக்கு முடிவு பண்ணாதீங்க. பாக்கிஸ் நல்ல கீரைதான். ஆனா தளிரு சுருட்டிக்கிட்டு இருக்குன்னு மட்டும் பாத்துப் பறிச்சிடாதீங்க. சுருட்டிக்கிட்டு வர்றது வேறயும் இருக்கு. தளிர்ல தூள் இருக்காது. அதே செடியில முத்தின எலைய திருப்பிப் பாருங்க. தூள் இல்லேன்னா கிட்டயே போவாதீங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படிச் சொல்வான்? கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் சொன்னான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னான்.

ஆடி மாதம் வந்தது. சித்தப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கினால் ஆடி வெள்ளியில் அம்மனுக்குப் படைத்து ஐந்து வீட்டுக்கும் இலை போடுகிறேன் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். காய்ச்சல் இறங்கிவிட்டது. படைக்க வீட்டில் கிழங்கைத் தவிர ஒன்றும் இல்லை. வெறும் கிழங்கை அம்மன் முன்னால் வைக்க எனக்குக் கூச்சம். அம்மன் கேட்டாளா, இல்லை. நாலு பேர் பார்ப்பார்களே என்ற என் பெருமைதான் கேட்டது. வியாழக்கிழமை காலையில், வெள்ளைக்காரன் விட்டுப்போன அந்தச் சுவர் இடிந்த பங்களாத் தோட்டத்துக்குள் போனேன். அங்கே குட்டையான அடிமரத்தின் உச்சியில் இளந்தளிர் வட்டமாக விட்டிருந்தது. ஒவ்வொரு சிற்றிலையும் தேளின் வால்போலச் சுருண்டு, பச்சைப் பட்டுப்போல மெத்தென்று இருந்தது. பாக்கிஸ் இத்தனை கொழுத்து விளையுமா என்று கைகூப்பினேன். அம்மன் படி அளந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

முத்தின இலை பக்கத்திலேயே இருந்தது தம்பி. அதைத் திருப்பத்தான் கை வைத்தேன். நுனி ஊசிபோலக் குத்தி விரலில் ரத்தம் வந்தது. பெரணி குத்தாது என்பது எனக்குத் தெரியும். அதுமட்டும் இல்லை. உச்சியில், பழுப்பு ரோமம் மூடிய மடல் ஒன்றின் ஓரத்தில், கோழிமுட்டை அளவில் நாலைந்து உருண்டை திறந்தபடி உட்கார்ந்திருந்தன. விதை. பெரணிக்கு விதை கிடையாது என்று நீ சொன்னது அந்த நேரம் என் காதில் கேட்டது. உன் குரலிலேயே கேட்டது. திருப்பிப் பார்த்தால் தூள் இருக்காது, தூள் இல்லை என்றால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். அதனால்தான் திருப்பவில்லை. தெரியாமல் செய்ததல்ல. தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும் என்றே செய்தது. முந்தானை நிறையப் பறித்துக்கொண்டு வந்தேன்.

சாமிக்குப் படைக்கிறதை யாராவது ருசி பார்ப்பார்களா? என் வாழ்நாளில் படையலுக்கு உப்புப் பார்த்தது கிடையாது. கையால் அள்ளிப் போட்டால் சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. படைத்த வெள்ளிக்கிழமை எனக்கு விரதம் வேறு, பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது. ஒரு வாய் வைத்திருந்தால் கசப்பாவது தெரிந்திருக்கும். நீ வேலைக்குப் போயிருந்தாய். ஐந்து வீட்டுக்கும் இலை போட்டேன். "அக்கா கைப்பக்குவம் அக்கா கைப்பக்குவம்தான்" என்று அஞ்சலை இரண்டாவது தடவை வாங்கினாள். "கொஞ்சம் கசக்குது" என்றார் சித்தப்பா. "காய்ச்சல் கண்ட வாய் கசக்கத்தான் செய்யும், சாப்பிடுங்க" என்று அதட்டினேன்.

விளக்கு வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டது. முதலில் சித்தப்பா, பிறகு அஞ்சலை, பிறகு வரிசையாக. வாந்தி, தலைசுற்றல், கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நிற்க முடிந்தவள் நான் ஒருத்தி. ஐந்து வீட்டுக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நீ வந்ததும் மிச்சக் கீரையைக் கையில் எடுத்துப் பார்த்தாய், எங்கே பறித்தது என்று கேட்டாய், அந்தப் பங்களாவுக்குப் போய்ச் சீக்கிரமே திரும்பினாய். "இது மூணாவது கும்பல் சின்னம்மா. பெரணி இல்ல" என்றாய். திட்டியிருந்தால் நான் அப்போதே காலில் விழுந்திருப்பேன். நீ வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போய்விட்டாய். அஞ்சலை இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அம்மன் புண்ணியத்தில் யாரும் போய்ச் சேரவில்லை.

மூன்றாம் நாள், எழுந்து நடக்க முடிந்தவர்கள் எல்லாம் நம் அஞ்சடியில் கூடினார்கள். சேதி கேட்டுப் பாக்கியத்தின் அப்பாவும் அம்மாவும் படகேறி வந்துவிட்டார்கள். ஜப்பான் சிப்பாய்களுக்குப் பயந்து பெண்பிள்ளைகளை வெளியே விடாத காலத்திலும் பாக்கியத்தைக் கிழவிபோலத் தலையில் துண்டு கட்டிக் கூட்டி வந்திருந்தார்கள், நோயாளிகளுக்குக் கஞ்சி வைக்க ஆள் வேண்டுமே என்று. அப்படிப்பட்ட மனிதர்கள். அஞ்சலையின் புருஷன் என்னைப் பார்த்தார்.

"ஊரே உருண்டு கெடக்குது. படைச்ச நீங்க மட்டும் கல்லாட்டம் நிக்கிறீங்க. உங்க மகனும் திங்கல. என்னக்கா இது?"

"எனக்கு வெரதம்" என்றேன்.

"வெரதமா, வெஷமா?" என்று யாரோ பின்னால் கேட்டார்கள்.

அந்தச் சொல் என்னை அறைந்த மாதிரி இருந்தது. முப்பது வருஷமாக இந்தச் சந்தில் விபூதி கொடுக்கிற கை என்னுடையது. பாக்கியத்தின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. "எனக்கு என்னங்க தெரியும். செடியப் பத்தி படிச்சவன் அவன். சுருட்டிக்கிட்டு இருக்கிற தளிரெல்லாம் திங்கலாம்னு தம்பிதான் சொன்னான்." நீ தண்ணீர்ப் பானையோடு அப்போதுதான் உள்ளே வந்தாய். எல்லாரும் உன் பக்கம் திரும்பினார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா. நான் சரியா சொல்லியிருக்கணும்" என்றாய்.

பாக்கியத்தின் அப்பா ஸ்டேஷன் குமாஸ்தா, நிதானமாகப் பேசுகிறவர். "தினம் செடிக்குப் பேர் எழுதற கை. எது வெஷம்னு தெரியாதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். நீ பானையை இறக்கி வைத்துத் தண்ணீர் மொண்டு கொடுக்கப் போனாய். பத்து நாளில் நிச்சயத் தாம்பூலத் தட்டு திரும்பி வந்தது. சந்தில் உன்னைக் கண்டால் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள், நீ கொடுப்பதை வாங்கித் தின்னாதே என்று. நீ தோட்டத்து வேலையை விட்டாய். "தப்பாப் பேர் எழுதற ஆள் அங்க எதுக்கு சின்னம்மா" என்றாய். அக்கரைக்குப் போனாய். மூன்று மாதம் ஆகிவிட்டது. தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அஞ்சலை வந்து, "ஒங்க தலையெழுத்துக்கா, வளத்த பிள்ள இப்படிப் பண்ணிட்டானே" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு அந்த இரக்கம் பிடித்திருந்தது தம்பி. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

உனக்கு ஒன்று சொல்வேன், கேட்டுக்கொள். நான் சொன்னது பொய் என்றால், நீ ஆமாம் என்றதும் பொய்தான். சின்னம்மாவின் மானத்தைக் காப்பாற்றினோம் என்று நினைத்திருப்பாய். காப்பாற்றவில்லை. அடுத்தவர் செய்த பிழையைத் தலையில் கட்டிக்கொண்டு சயாமுக்குப் போவது தர்மம் இல்லை. அதற்குள் ஒரு வீம்பு இருக்கிறது, நீ பார்த்துக்கொள். நல்லவன் வாயை மூடிக்கொண்டால் என்னைப்போல வாயாடிகள்தான் ஊரில் பேசுவார்கள். மனைவி என்று ஒருத்தி வந்தால் அவளிடமாவது, "நான் சொன்னேன், நீதான் கேக்கல" என்று சொல்லக் கற்றுக்கொள். சண்டை வரும். வரட்டும். சண்டை போட்ட வீட்டில் ஆள் இருப்பார்கள்.

அஞ்சலை, நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் அல்லவா, உன்னைப் படுக்கையில் போட்டது நான்தான். நீ என்ன பேசினாலும் வாங்கிக்கொள்கிறேன். பாக்கியத்தின் அப்பா அவர்களே, உங்கள் பெண்ணை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. என் மகனுக்கு எது விஷம் என்று தெரியும். தெரிந்ததை எனக்குச் சொல்லியும் இருந்தான். அதை மட்டும் நீங்கள் அறிந்துகொண்டால் போதும். தம்பி, திங்கட்கிழமை நீ அந்த வரிசையில் நிற்கக் கூடாது. கோபம் இருந்தால் இங்கே வந்து என் கண் எதிரில் படு, பேசாமல் இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு.

சித்தப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், படகுக்கு நேரமாகிறது என்கிறார். ஐயோ, இதை எப்படி மறந்தேன், இந்த நிமிஷம்தான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அஞ்சடியில் அந்தப் பேச்சு முடிந்ததும் நான் உள்ளே அடுப்படிக்குப் போனேன். பாக்கியம் ஜவ்வரிசிக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வெளியே பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் சட்டியை இறக்கத் துணி தேடிக்கொண்டிருந்தேன். அவள் தலையை நிமிர்த்தாமல், "முத்தின எலைய திருப்பிப் பாத்தீங்களா சின்னம்மா? தூள் இருந்துச்சா?" என்று மெல்லக் கேட்டாள். இது அவளுக்கு எப்படித் தெரியும், நீதான் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. துணி கிடைக்காத எரிச்சலில், "எங்க பாத்தேன்மா, பாக்கச் சொல்லித்தான் சொன்னான், நான்தான் பாக்கல" என்று சொல்லிவிட்டேன். அவள் "சரி" என்றாள். தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, சட்டியைப் பிடிக்க என் கையில் கொடுத்தாள்.